எதிர்முனையில் நெட்டக்கா

குத்துச்சண்டையில் அலி ஃபோர்மனைச் சாய்த்ததற்கு மிஞ்சிய வெற்றி உலகத்தில் கிடையாது என்று சொல்லிக்கொண்டே, விரிப்பின் இரண்டு முனைகளை உதறிப் பிடித்தாள் குட்டை.

மற்ற இரண்டு முனைகள் நெட்டக்காவின் கையில். இரண்டும் உயரம் பார்த்து வைத்த பெயர்கள். இஸ்திரி உருளையிலிருந்து அப்போதுதான் வந்த விரிப்பு. விரல் நுனி பொசுங்கியது.

ஓட்டல் சலவைக்கூடத்தில் இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று, நெருங்கி, முனையோடு முனை சேர்த்து, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். பல வருடமாக இந்த இருவரும் அப்படித்தான் நெருங்கி விலகுகிறார்கள்.

நடுவில் பேச ஏதாவது வேண்டுமே. குட்டையின் கணவர் பழைய குத்துச்சண்டைகளை டிவியில் ஓடவிட்டுத் தூங்கிப்போவார், அணைத்தால் விழித்துக்கொள்வார். அதனால் அவள் பார்த்தாள். நெட்டக்காவுக்கு, மூக்கு உடைந்ததும் கையுறையைக் கழற்றிய தம்பி ஒருவன் உண்டு. மற்றபடி இருவரும் கொசுவைத் தவிர யாரையும் அடித்ததில்லை.

நெட்டக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஃபோர்மன் நாற்பத்தைந்து வயதில் வந்து, ஒன்பது ரவுண்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, பத்தாவதில் மூரரை ஒரே குத்தில் படுக்கவைத்தாரே, அதை எங்கே வைப்பாய் என்றாள். அலியிடம் தோற்ற அன்று போட்டிருந்த அதே அரைக்கால் சட்டையை இருபது வருடம் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாராம்.

"நம்மால போன வருஷச் சட்டைக்குள்ளயே நுழைய முடியலைடி."

துணிவண்டி தள்ளுபவர் போகிற போக்கில் டைசன் என்றார். ஸ்பிங்க்ஸை ஒன்றரை நிமிடத்தில் முடித்தாரே. அது சண்டையில்லை, தும்மல் என்றாள் நெட்டக்கா. அவர் வண்டியோடு நகர்ந்துவிட்டார்.

குட்டை சிரித்தாள். சிரிக்கும்போதே, இவளிடம் இன்று அதிகம் சிரிக்கக் கூடாது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

இன்றுதான் புது மேற்பார்வையாளர் யாரென்று சொல்லப்போகிறார்கள்.

அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரே ஆள் மேற்பார்வையாளர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சக்கரம் வைத்த நாற்காலி. குட்டையின் முழங்கால்கள் அதற்காக ஏங்கின.

மனசு ஏங்கியது வேறொன்றுக்கு. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம் தொடங்கி நாத்தனாருடன் நடந்த பேச்சுவார்த்தைகள் வரை அவள் எதிலும் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் நின்று யாரையாவது தோற்கடித்துவிட வேண்டும்.

அந்த யாராவது, நெட்டக்காதான். இந்த வேலைக்குத் தகுதியான இன்னொரு ஆள் அவள் மட்டும்தான். தன்னைவிடத் தகுதியானவள் என்பது, கண்ணாடியில் தலை வாரும்போது மட்டும் குட்டை ஒத்துக்கொள்ளும் சங்கதி.

ஒரு மாதமாகச் சண்டை. சண்டை நடப்பதே எதிராளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனை அடிக்கவிட்டது போல, நெட்டக்காவைப் பேசவிட்டுக் களைக்கவைக்கப் பார்த்தாள். நெட்டக்கா களைக்கவில்லை, இவளுக்குத்தான் காது வலித்தது.

உதட்டுச்சாயக் கறையைப் போக்கும் உத்தியைச் சொல்லாமல் மறைத்தாள். அது நெட்டக்கா சொல்லிக்கொடுத்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மேனேஜர் வருகிற நேரம் பார்த்து, தரையில் கிடந்த நூலைக் குனிந்து பொறுக்கினாள். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடுப்பு.

நெட்டக்காவோ அந்த வேலையைப் பற்றி மூச்சே விடவில்லை. கேக்கப்போறியாக்கா என்று நேராகவே கேட்டதற்கு, பாக்கலாம்டி என்று மட்டும் சொன்னாள். எமகாதகி, ஆட்டத்தை மறைத்து ஆடுகிறாள் என்று குட்டை அன்றே முடிவுகட்டிவிட்டாள்.

மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். கூப்பிட்டது குட்டையை.

விரிப்பின் நான்கு முனைகளையும் நெட்டக்கா வாங்கிக்கொண்டாள்.

உள்ளே மேனேஜர் கைகொடுத்தார். நாளையிலிருந்து நாற்காலி அவளுடையது.

அவளுக்குள் ஒருத்தி கையுறையோடு இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். வெளியே தெரிந்தவள் முகத்தைச் சோகமாக்கிக்கொள்ளப் பெரும்பாடு பட்டு, பாவம், நெட்டக்கா மனசு கஷ்டப்படுவாங்களே என்றாள்.

மேனேஜருக்குப் புரியவில்லை.

"அவங்க எதுக்குக் கஷ்டப்படணும்? கேட்டதே நீங்க ஒருத்தர்தான். அவங்களை நானே ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கு உக்காந்தா தூக்கம் வரும், அவளுக்குத்தான் முழங்கால் வலின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள் குட்டை.

எதிராளி கயிற்றைத் தாண்டி உள்ளேயே வரவில்லை. ஒரு மாதமாக வெறும் மேடையில் இவள் மட்டும் குனிந்து, நிமிர்ந்து, பதுங்கிப் பாய்ந்திருக்கிறாள். இடுப்பில் விழுந்த அந்த ஒரே அடியும் தானே போட்டுக்கொண்டது.

நெட்டக்கா அடுத்த விரிப்பை மார்போடு அணைத்துப் பிடித்தபடி காத்திருந்தாள். என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டாள்.

உண்மையைச் சொல்லத்தான் குட்டை வாயைத் திறந்தாள்.

"கிடைச்சிருச்சுக்கா. நூலிழையிலதானாம். கடைசி ரவுண்டு வரைக்கும் யாருன்னே சொல்ல முடியலையாம்."

சொல்லி முடித்ததும் இரண்டு காதும் இஸ்திரி உருளையாகக் கொதித்தன.

நெட்டக்கா அவளையே பார்த்தாள். பிறகு விரிப்பை விரித்து இரண்டு முனைகளை அவள் கையில் கொடுத்தாள்.

"பரவால்லையே," என்றாள், பின்னால் நகர்ந்துகொண்டே. "அப்போ நானும் அவ்வளவு மோசமா ஆடலை."