பதினோராவது மணப்பெண்

“மேடையில பத்துப் பொண்ணுதான் இருக்கு. பதினொன்னாவது பொண்ணு எங்கம்மா?”

ஜெயபாண்டியின் குரல் மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கப்பலூரில் ரப்பர் கம்பெனி நடத்துகிறவர். தொழிற்பேட்டைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சேவைச் சங்கத்துக்கு இந்த வருசம் அவர்தான் தலைவர்.

“டிரெஸ்ஸிங் ரூம்லதாண்ணே. இந்தா கூட்டிட்டு வாரேன்” என்றாள் இசைவாணி. சங்கத்தின் செயலாளர். போன வருசம்தான் அவளுக்கே கல்யாணம் ஆனது.

சங்கம் நடத்தும் முதல் இலவசத் திருமணம் இது. இதற்காக நாலு மாதம் ஞாயிறு தவறாமல் ரோட்டோரத்தில் கறிதோசைக் கடை போட்டார்கள். கம்பெனி வாசல்களில் நின்று வண்டி கழுவிக் கொடுத்தார்கள். ஜெயபாண்டியே பனியனோடு வேன் கழுவியதைப் பார்த்து, அவர் கம்பெனி ஆட்களே கூலியைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

பத்து ஜோடி என்றுதான் பேச்சு. போன வாரம் இசைவாணி கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு ஜோடியைச் சேர்த்தாள். கட்டில், பீரோ எதுவும் வேண்டாம், மேடையில் இடம் கொடுத்தால் போதும் என்றாள்.

“கீழக்குயில்குடிப் பொண்ணுன்னுதானே சொன்ன? வயசெல்லாம் பாத்தியா? பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல? பின்னாடி யாரும் கேள்வி கேட்டுறக் கூடாது.”

“அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சுண்ணே. ஆதார் கார்டு எங்கிட்டதான் இருக்கு.”

“வீட்டுல?”

“கூடப் பொறந்த அண்ணன் தம்பிகதான் குதிக்கிறாக.”

“குதிச்சா குதிக்கட்டும். பொண்ணுக்குச் சம்மதம்தானே?”

இசைவாணி டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நேத்து வரைக்கும் சம்மதம்தாண்ணே.”

ஜெயபாண்டி முகம் மாறியது. “இங்க பாரும்மா. இஷ்டமில்லாத பொண்ணு கழுத்துல நம்ம மேடையில தாலி ஏறக் கூடாது. இன்னும் இருபது நிமிசம்தான் இருக்கு. போய்க் கேளு. வேணாம்னா பேரை எடுத்துரு.”

இசைவாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“கதவைத் தொற. நான் வாணி.”

“எனக்கு வேணாம் வாணி. விட்ரு.” உள்ளே விசும்பல் கேட்டது.

“இப்ப வந்து வேணாம்னா எப்படி?”

“வெளிய அம்புட்டுப் பேரு இருக்காக. பாத்துச் சிரிப்பாக.”

“பதினோரு ஜோடியில நீ ஒரு ஜோடி. உன்னையே யாரு பாக்கப்போறா? பாதிப்பேரு இப்பவே பந்தியில இடம் பிடிக்கப் போயிட்டாக.”

“எங்கண்ணன் வந்து சத்தம் போட்டா?”

“வாசல்ல நம்ம சங்கத்து ஆளுக நாப்பது பேரு நிக்கிறாக. சத்தம் போட்டா சந்தனம் குடுத்து உக்கார வப்பாக.”

விசும்பல் நின்றது. பிறகு மெதுவாக, “அவரு வந்துட்டாரா?” என்று கேட்டது குரல்.

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காலையில ஆறு மணிக்கே வந்துட்டாரு. சும்மா உக்கார முடியலையாம், பந்தியில தண்ணி பாட்டில் வச்சுக்கிட்டு இருந்தாரு. மாப்பிள்ளைன்னு தெரியாம சமையல்காரரு, ‘வெங்காயத்தை உரிய்யா’ன்னு கூடையைக் குடுத்துட்டாரு. அதையும் உரிச்சிருக்காரு மனுசன். கண்ணெல்லாம் செவந்துபோய் மேடையில உக்காந்திருக்காரு. பாக்குறவுக, மாப்பிள்ளை எதுக்கு அழுகுறாருன்னு கேக்குறாக!”

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. அழுகையும் கூடவே வந்தது.

இசைவாணி கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். “மில்லு வேலை, வீட்டு வேலைன்னு மத்தவுகளுக்கே ஓடுனது போதும். உன் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சாப்பிட ஆள் வேணாமா? அவரு உன்னை நல்லா வச்சுக்கிருவாரு. எனக்குத் தெரியும். ஆனா உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லிரு, இப்பவே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிரலாம். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாக.”

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம், பிறகு வளையல் சத்தம்.

“பிடிக்கலைன்னு எப்ப சொன்னேன்?” என்றது குரல்.

இசைவாணி கண்ணைத் துடைப்பதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். ஜெயபாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார்.

“என்னம்மா சொல்லுது பொண்ணு?”

“சம்மதம்ணே! முழுச் சம்மதம்!”

“அப்பாடா!” அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “சரி, பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர சொந்தம்னு ஒருத்தர் வேணுமே. அண்ணன்மாருதான் வரலையே, நான் வேணா அண்ணன் முறைக்கு நிக்கட்டுமா?”

“நிச்சயமா நில்லுங்கண்ணே. ஆனா கையைப் பிடிச்சு நான்தான் கூட்டிட்டு வருவேன்.”

“நீயா? நீ என்னம்மா முறை பொண்ணுக்கு?”

தாழ்ப்பாள் விலகியது. அரக்குப் பட்டும் தலை நிறைய மல்லிகையும் காதோரம் நரையுமாக, ஐம்பது வயதுச் சின்னத்தாய் வெட்கத்தில் தலைகுனிந்து வெளியே வந்தாள்.

இசைவாணி அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டு சொன்னாள்: “பொண்ணுக்குப் பொறந்த பொண்ணுண்ணே. இது எங்கம்மா!”