பானைக்குள் கிரைண்டர்

களமருதூர் சமுதாயக் கூடத்துக்கு எல்லோரும் வந்தாயிற்று, மாயவனைத் தவிர. அவன் பெண்டாட்டி கோகிலவாணி வாசலைப் பார்ப்பதும் முந்தானையால் முகத்தைத் துடைப்பதுமாக இருந்தாள். பாழாய்ப்போன மனுசன், கடைசி நாள் பார்த்தா போனைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஒண்டிவிட்டான்?

"வந்துடுவாருக்கா. இத்தனை வாரத்துல ஒருநாள்கூட லேட் ஆனதில்லையே" என்றாள் சுபஸ்ரீ.

சுபஸ்ரீ மனோதத்துவம் படித்தவள். போனில் ரம்மி ஆடிக் குடும்பத்தைத் தொலைத்தவர்களை அந்த ஆட்டத்திலிருந்து மீட்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்வதற்காக, இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தாள்.

ஆராய்ச்சி சுலபமானதுதான். சனிக்கிழமை தோறும் வந்து போனைக் காட்ட வேண்டும். அந்த வாரம் ஆடவில்லை என்றால், மேசை மேலிருக்கும் மண்பானைக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டு வெறும் காகிதம். மற்றதில் சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ் என்று எழுதியிருக்கும். ஒரே ஒரு சீட்டில் மட்டும் கிரைண்டர்.

"குடியை நிறுத்தறதுக்கு வெளிநாட்டுல இப்படித்தான் பண்ணாங்க. நல்லாப் பலன் கொடுத்துச்சு" என்று முதல் நாளே சுபஸ்ரீ விளக்கியிருந்தாள். கோகிலவாணிக்கு வெளிநாடும் தெரியாது, ஆராய்ச்சியும் தெரியாது. கும்பிட்டுவிட்டுச் சரி என்றாள்.

பின்னே என்ன செய்வாள்? சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பட்டினி கிடந்தாள். போனைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாள்; மறுநாளே இன்னொரு போன் வந்தது. நிலம் போயிற்று, கழுத்தில் காதில் கிடந்தது போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு கறவை மாடு. அதன் பாலைச் சொசைட்டியில் ஊற்றித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது, பெண் பள்ளிக்கூடம் போகிறாள்.

"அது மேல மட்டும் கைய வெச்ச, புள்ளைய இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன், சொல்லிட்டேன்" என்று அவள் ஆத்திரத்தோடு கத்தியதை அந்தத் தெருவே கேட்டது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இந்த இரண்டு மாதமாக மாயவன் ரம்மியைத் தொடவே இல்லை. சனிக்கிழமையானால் விடியும் முன்னே எழுந்து குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, கூடம் திறப்பதற்குள் போய் நிற்பான். மற்ற நாட்களிலும் அதே நினைப்புதான். "சனிக்கெழமைக்கு இன்னும் எத்தினி நாளு கீது?" என்று சோறு தின்னும்போதுகூடக் கேட்பான்.

"அந்த மேடம் மேல அம்மாம் மரியாதை" என்று கோகிலவாணி தண்ணீர்க் குழாயடியில் பெருமையடித்துக்கொண்டாள். எத்தனையோ வருசம் கழித்து அவளுக்கு ராத்திரியில் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஒருவழியாக மாயவன் வந்து சேர்ந்தான். மூச்சு இரைத்தது. காலெல்லாம் சேறு, சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"எங்கய்யா போன? உசுரே போயிடுச்சு எனக்கு."

"ஒரு வேலை இருந்துது, வுடு" என்றான்.

அவள் அவன் பையிலிருந்து போனை எடுத்து சுபஸ்ரீயிடம் நீட்டினாள். சுபஸ்ரீ தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். "ஒரு தடவைகூட ஆடலைக்கா!"

கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயோ, இந்த மனுசனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"கிரைண்டர் யாருக்கும் வுழலையே மேடம்?" என்று மாயவன் கேட்டான்.

"இல்லங்க, இன்னும் உள்ளதான் இருக்கு."

மாயவன் கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரைக்கும் கையை விட்டான். கலக்கினான். ஒன்றை எடுத்தான், அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தான். பிரித்தால் வெறும் காகிதம்.

"போனாப் போவுது வுடுய்யா" என்றாள் கோகிலவாணி. "கிரைண்டரா பெரிசு? நீ மறுபடி மனுசனாயிட்டியே, அது போதும் எனக்கு."

"அக்கா சொல்றது சரி. இன்னியோட ஆராய்ச்சி முடிஞ்சுதுங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்க!" சுபஸ்ரீ கை தட்டினாள். கூடத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். அவள் பானையை எடுத்து வைக்கப் போனாள்.

மாயவன் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விடவில்லை. சுபஸ்ரீ இழுத்துப் பார்த்தாள். கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னாய்யா இது, எல்லாரும் பாக்குறாங்க, வுடு" என்று கோகிலவாணி அவன் தோளைத் தொட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி கைய வுட்டுக்கிறேன் மேடம். சும்மா வாணாம், எங்க மாட்டை ஓட்டியாந்து பின்னால வேப்பமரத்துல கட்டியிருக்கேன்."