சோதனைத் தடம்

புது ஜிபிஎஸ் கருவி எதுவானாலும், கழுகின் முதுகில் கட்டுவதற்கு முன் அதைத் தன் சட்டைப்பையில் போட்டு ஒருநாள் ஊர் சுற்றிப் பார்ப்பது கழுகு ஆய்வாளரின் வழக்கம். இந்தக் கருவியோடும் மருந்துக்கடை, பஸ் நிறுத்தம், வீடு என்று போய்வந்தார்.

கருவியைக் கட்டிக் கழுகைப் பறக்கவிட்ட பிறகு ஆபீஸில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையில் அதன் புள்ளி மலையை விட்டு இறங்கி, அவர் நடந்த வழியிலேயே வந்தது. மருந்துக்கடையில் அவர் வரிசையில் நின்ற அதே அளவு நேரம் அதுவும் நின்றது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திருந்தது.

"பழைய தடம் அழியாம கிடக்கும் சார்," என்றார் கணினிக்காரர்.

"பழசுன்னா தேதி ஏன்யா இன்னிக்குன்னு காட்டுது?"

பொழுது சாயும்போது புள்ளி அவர் தெருவுக்குள் திரும்பியது. மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜன்னலையெல்லாம் சாத்து, சீக்கிரம்."

"யாருங்க பேசறது? அவரு போனை ஆபீஸ்லயே மறந்து வச்சுட்டாரா?"

"நான்தான்டி!"

"அவர் குரல்ல மிமிக்ரி பண்ணாதீங்க சார். அவரு இப்பதான் வந்தாரு. எவ்வளவு சொன்னாலும் படுக்க மாட்டேங்கறாரு. கட்டில் சட்டத்து மேலயே குந்திக்கிட்டிருக்காரு."

புள்ளி அசையவில்லை. பறவை இரவுக்கு அடைந்துவிட்டது என்பதற்கான பச்சைக் குறி அதன் பக்கத்தில் விழுந்தது.