சுருங்கிய கோடுகள்

“யோவ் கிழவா! எத்தனை நாளைக்கு இப்படி நடிப்ப? பதினோரு வருஷமா என்னை வாசப்படி மிதிக்க விடல. இப்ப வந்து நிக்கிறேன். எந்திரிச்சு வெளிய போடான்னு சொல்லு, பாப்போம்!”

ஆஸ்திரேலியாவில், ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த அப்பாவின் காதருகே ராஸ் இப்படித்தான் கத்தினான். பெற்றவரிடம் பேசுகிற பேச்சா இது?

“டேய், வாயை மூடு!” அக்கா கிளெனிஸ் பதறினாள்.

அப்பா மெர்வினுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒன்பது நாள். ஆபரேஷனின்போது மூளையின் மேலேயே மெல்லிய மின்பட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். அது பிடிக்கும் மின்சாரம் திரையில் கோடுகளாக ஓடியது. யார் குரலுக்காவது அந்தக் கோடுகள் மாறினால் சரி. இல்லையென்றால் நாளை செயற்கை மூச்சை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒன்பது நாளும் கிளெனிஸ்தான் உடனிருந்தாள். ராஸ் இன்று காலையில்தான் சுரங்க வேலையிலிருந்து வந்திறங்கினான். அப்பாவின் சிங்கி இறால் பிடிக்கும் படகு வேண்டாமென்று அன்றைக்கு ஓடிப்போனவன்.

“அங்க பாரு!” கிளெனிஸ் திரையைக் காட்டினாள். “நான் பேசுறப்ப அலை எவ்வளவு பெரிசா எழும்புச்சு! நீ வாயைத் திறந்ததும் எல்லாம் அமுங்கிப்போச்சு. அந்த மனுஷனைக் கொன்னுட்டியேடா!”

ராஸ் திரும்பினான். மேடும் பள்ளமுமாக ஓடிய கோடுகள் சின்ன நடுக்கமாகச் சுருங்கியிருந்தன. அவன் முகம் வெளுத்தது.

“அக்கா, சத்தியமா... கோவத்துலயாவது எந்திரிப்பாருன்னுதான்...”

“போயிடு. இனி இந்தப் பக்கம் தலை காட்டாத.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான். அடுத்த அறையிலிருந்து மெலே என்ற பெண் ஓடி வந்தாள். அந்தக் கருவியைக் கவனிப்பவள் அவள்தான்.

“இப்ப யாரும்மா பேசினது?”

“என் தம்பி. அப்பா... போயிட்டாரா?”

“போறதாவது! காது குடுத்துக் கேட்டிருக்காரும்மா!”

கிளெனிஸ் புரியாமல் சுருங்கிக் கிடந்த கோடுகளைக் காட்டினாள்.

“மூளையில ஒரே ஒரு செல்லோட மின்சாரம் அந்தப் பட்டைக்கு எட்டவே எட்டாது. லட்சக்கணக்கான செல் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கினாத்தான் பெரிய அலை வரும். ஃபுட்பால் மேட்ச்ல கூட்டமே சேர்ந்து கத்தினாத்தானே தெருவுக்குக் கேக்குது? ஆழ்ந்த மயக்கத்துல எல்லாச் செல்லும் அப்படி ஒண்ணாத்தான் ஆடும். எதையாவது கேக்க ஆரம்பிச்சா ஒவ்வொண்ணும் தன் வேலையைப் பாக்கப் போயிடும். கோடு சின்னதாயிடும்.”

“அப்ப, நான் இத்தனை நாள் பேசினதுக்கு?”

மெலே தயங்கினாள். “அதுக்கு மாற்றம் இல்லம்மா.”

கிளெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் டாக்டர்கிட்ட சொல்றேன். இனி மெஷினை நிறுத்த மாட்டாங்க. தம்பியை உடனே கூப்பிடுங்க, பேசிக்கிட்டே இருக்கட்டும். இவரைத் திரும்பக் கொண்டுவர நமக்கு இருக்கிற ஒரே பிடி அந்தக் குரல்தான்.”

மெலே போனதுமே செல்போன் அடித்தது. ராஸ்தான். அழுதுகொண்டிருந்தான்.

“அக்கா, டாக்ஸியில இருக்கேன். என்னால அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா? திரும்பி வரட்டுமா?”

கிளெனிஸ் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாளாக அவள் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த முகம்.

“ஒண்ணும் ஆகலடா, நீ நிம்மதியாக் கிளம்பு” என்றாள் ஆறுதலாக. “உன் குரல் அவருக்குக் கேக்கவே இல்லையாம்.”