ரெண்டு மணி கிளாஸ்

"யெஸ்டர்டே நைட் ஐ ஈட் இட்லி, மிஸ்."

பிளஸ்ஸி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாரீஸ்வரி! யெஸ்டர்டே நைட் இல்லம்மா, லாஸ்ட் நைட்! மூணு மாசமா இதையே சொல்லுதேன். சரி, 'இன்னைக்குக் காலையில'ங்கிறதுக்கு?"

"டுடே மார்னிங், மிஸ்."

ராஜபாளையத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் நடக்கும் அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பே சிரித்தது. மாரீஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள்.

வாசலில் யாரோ கனைத்தார்கள். பார்த்தால், அவள் புருஷன் ராம்கி.

"பாத்தீகளா டீச்சர், இவளுக்கு இம்புட்டுத்தான் ஏறும். பாஸானா அடுத்த கிளாஸ் போன்லயாம்ல? பாஸ் போட்டு விடுங்க, வீட்டோட இருந்து படிக்கட்டும். இல்ல, இன்னையோட நிறுத்திருவோம். ரெண்டு மணிக்குப் பலசரக்குக் கடையைப் பாக்க ஆள் இல்ல. நானும் செத்த நேரம் படுக்கணும்ல?"

"நீ என்னம்மா சொல்லுத?" என்றார் டீச்சர்.

மாரீஸ்வரிக்குப் பதறிவிட்டது. டீச்சருக்குப் புரிய வேண்டும், புருஷனுக்குப் புரியக் கூடாது. படபடவென்று கொட்டினாள்.

"மிஸ், ப்ளீஸ்! ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் சின்ஸ் ஃபைவ் திஸ் மார்னிங். ஐ சிட் ஒன்லி ஃப்ரம் டூ டு த்ரீ!"

காலை அஞ்சு மணியிலிருந்து வேலை பார்க்கிறாளாம். உட்காருவதே இந்த ரெண்டிலிருந்து மூணு வரைக்கும்தானாம்.

இங்கிலீஷில் ஒரு தப்பு இல்லை. 'டுடே மார்னிங்' கூட 'திஸ் மார்னிங்' ஆகியிருந்தது.

"என்ன டீச்சர் சொல்லுதா?"

டீச்சர் மாரீஸ்வரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அம்புட்டும் தப்பு, தம்பி. இவளைப் போய் எப்பிடிப் பாஸ் போட? இந்த நிலைமையில நிறுத்தினாலும் எனக்குத்தான் கெட்ட பேரு. இன்னும் ஆறு மாசம் இதே கிளாஸ்ல, நேர்ல வந்து உக்காரட்டும்."

"ஆறு மாசமா!" ராம்கி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான்.

மாரீஸ்வரி நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் டீச்சரின் போன் அடித்தது. அவர் வீட்டுக்காரர் ஞானராஜ். அவர் போட்ட சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"பிளஸ்ஸி, இங்க எல்லா வேலையும் அப்படியே கிடக்கு! போன் கிளாஸுக்கு மாறிட்டா வீட்லயே இருந்து நடத்துவேன்னு சொன்னியே, அது எப்பத்தான்?"

"நான் என்னங்க செய்ய?" டீச்சர் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒருத்தியாவது பாஸாகணும்ல!"