ஈர ஷூ

"ரப்பர் செருப்பை மாட்டிட்டு வாரதுக்கு இது என்ன ஸ்கூலா, இல்ல ஐந்தருவிக்குக் குளிக்கப் போற வழியா?"

தாளாளர் காந்திமதிநாதன் கேட்ட கேள்வியில், எதிரே நின்ற இரண்டு தாய்மாரும் வாயடைத்துப் போனார்கள். அவருக்குப் பரம திருப்தி. தென்காசியில் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிற மனுஷன் ஒரு கேள்வி கேட்டால், எதிராளிக்குப் பதில் வரக் கூடாது என்பது அவர் கட்சி.

அவர்களில் ஒருத்தியான மஞ்சுவின் மகள் இசக்கிபிரியா நாலாம் வகுப்பு. மூன்று நாளாகச் செருப்போடு வந்து, மூன்று நாளும் கேட்டோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். நாளைக்கும் செருப்பென்றால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவது என்று தாளாளர் முடிவே கட்டிவிட்டார்.

"சாரல் விழ ஆரம்பிச்சு இருபது நாளாச்சு சார். ஷூ காயவே மாட்டேங்குது. அடுப்புப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால வச்சுப் பாத்தேன். ஈரத்தோடயே போட்டுப் போட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாயிட்டு. காத்தாட விடணும்னு டாக்டர் சொல்லுதாரு. புண்ணு ஆறுத வரைக்கும் செருப்பு போட்டுக்கிடட்டுமே."

"ஏம்மா, நீங்க பிள்ளை வளக்கீங்களா, அப்பளம் வளக்கீங்களா? லேசா ஈரம் பட்டதும் நமுத்துப் போவுதே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். சிரிக்க மாட்டாரா பின்னே? வீட்டு வாசலில் காரில் ஏறி, பள்ளி வாசலில் இறங்குகிற ஆசாமி. சாரல் என்பது அவரைப் பொறுத்தவரை கார் கண்ணாடிக்கு வெளியே நடக்கிற சமாச்சாரம்.

மேஜையிலிருந்த செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"இங்க பாருங்க. என் மச்சானோட பேரன், அமெரிக்காவுல. முழங்கால் அளவு பனி! அதுக்குள்ள ஸ்கூலுக்கு எப்படிப் போதான் பாத்தீங்களா? பூட்ஸு! செருப்பா போட்டிருக்கான்?"

மஞ்சுவுக்குத் துணையாக வந்திருந்த ஹஃப்சா படத்தை உற்றுப் பார்த்தாள். அவள் மகளும் அதே வகுப்புதான்.

"எங்க நாத்தனார் பிள்ளைகளும் கனடாவுலதான் படிக்குதுவ சார். பனிக்குப் போட்டுட்டு வார பூட்ஸ அங்க ஸ்கூல் வாசல்லயே கழட்டிருவாங்களாம். உள்ள போடுததுக்குன்னு காஞ்ச ஷூ தனியா வச்சிருக்கணுமாம். ஈரக் காலோட பிள்ளைய உக்கார வைக்கவே மாட்டாங்களாம்."

தாளாளருக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஓஹோ! அப்ப உங்க பிள்ளையையும் கனடாவுலயே சேத்திருக்கலாமே. தென்காசியில எதுக்கு ஃபீஸ் கட்டுதீங்க?"

மஞ்சு விடவில்லை.

"காலு வீங்கிட்டு சார். காய்ச்சல் அடிக்குது. டி.சி. மட்டும் குடுத்துராதீங்க. நல்லாப் படிக்கிற பிள்ளை." அவள் குரல் உடைந்தது.

"அழுதா ரூல் மாறிருமா?" தாளாளர் மணியை அடித்தார். இந்தப் பேச்சை இன்றோடு ஒழித்துக்கட்டிவிட வேண்டும். "பி.டி. சாரை வரச் சொல்லு!"

விளையாட்டு ஆசிரியர் சுந்தரபாண்டியன் வந்து விறைப்பாக நின்றார். ராணுவத்தில் இருந்துவிட்டு, போன வருஷம் இங்கே வேலைக்குச் சேர்ந்த சிவகிரிக்காரர். அவருடைய கறுப்பு ஷூவில் முகம் பார்க்கலாம். அந்த ஷூவைக் காட்டிக் காட்டித்தான் தாளாளர் தினமும் அசெம்பிளியில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிப்பார்.

"நீங்க எங்க டியூட்டி பாத்தீங்க? இவங்களுக்குக் கேக்க சத்தமாச் சொல்லுங்க."

"பனிமலையில சார். காஷ்மீர்ப் பக்கம்."

"ஷூவைக் கழட்டாம எத்தனை நாள் நின்னீங்க?"

"பதினோரு நாள் சார்."

"ஈரமாகலையா?"

"மூணாவது நாளே உள்ள ஈரம் இறங்கிட்டு. கழட்டுத நெலமையில நாங்க இல்ல சார்."

"கேட்டீங்களா!" தாளாளர் மேஜையைத் தட்டினார். "பனி! ஈர ஷூ! பதினோரு நாள்! புண்ணுன்னாரா, காய்ச்சல்னாரா? இவரு மனுஷன்! நீங்களும் பிள்ளை பெத்து வச்சிருக்கீங்களே! பி.டி. சார், ஈர ஷூ போட்டுப் பழகின காலு எப்படி இருக்கும்னு இவங்களுக்குக் கொஞ்சம் காட்டுங்க. அப்பவாவது புத்தி வருதான்னு பாப்போம்."

சுந்தரபாண்டியன் மஞ்சுவின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

"அட, கழட்ட வேண்டாம் சார். சும்மா முன்னால நீட்டிக் காட்டினாப் போதும்" என்றார் தாளாளர்.

"நீங்க காலைத்தானே சார் காட்டச் சொன்னீங்க?" என்றபடி அவர் சாக்ஸை உருவினார். அந்தக் காலில் ஒரு விரல்கூட இல்லை.