வெள்ளைப் படலம்

மெர்சி சிஸ்டர் டெஸ்ட் ட்யூபை ஜெயசீலனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ரத்தத்தின் மேல் பால் மாதிரி ஒரு வெள்ளைப் படலம் நின்றது.

"என்ன சார் சாப்பிட்டீங்க?"

"மட்டன் பிரியாணி."

"பதினஞ்சு வருஷமா பிளேட்லெட் குடுக்கறவர் நீங்க. கொழுப்பு ஏறினா எடுக்க முடியாதுன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"நானா கேட்டேன்? அந்தப் பொண்ணோட அம்மா மதியமே கேரியரைத் திறந்து வச்சுட்டாங்க. 'எம் புள்ளைக்காக வந்திருக்கீங்க, வெறும் வயித்தோட விடுவேனா தம்பி'ன்னு ஒரே அழுகை. ஒரு வாய்னு ஆரம்பிச்சது..."

"நல்லா ஆரம்பிச்சீங்க!"

டெங்குவில் கிடந்த பெண்ணுக்கு ஈறிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதே குரூப் உள்ள நண்பன் கிருபாவையும் வரச் சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஜெயசீலன் பல்லைக் கடித்துக்கொண்டு கிருபாவுக்குப் போன் போட்டான்.

"எங்கடா இருக்கே?"

"கீழதான் மாப்ள, வந்து ரொம்ப நேரமாச்சு. பொண்ணோட அம்மாவாம். பாவம், எழுந்திருக்கவே விடமாட்டேங்கிறாங்க" என்றான் கிருபா, எதையோ மென்றபடி.